சாவியைத் திருப்பினா ஒரு நாள் எடுக்குது, ஒரு நாள் 'கடக்'னு நின்னுடுது (மாருதி 800 கார், 2004 மாடல்)

உப்பளக்காத்து (தூத்துக்குடி), மார்ச் 3

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பா ஓட்டின மாருதி 800, எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோல் பீச்சுற வகை), 91,000 கி.மீ. ஓடியிருக்கு. அப்பா போனப்புறம் வித்துடலாம்னு நினைச்சேன், அம்மா விடல. அதனால நான்தான் இப்ப அதுக்கு டிரைவர், கிளீனர் எல்லாம்.

ஆறு மாசமா ஒரே தொல்லை. காலையில ஒரே திருப்புல செல்ஃப் (எஞ்சினைச் சுத்திவிடுற ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுத்துடும். அதே நாள் மத்தியானம் மார்க்கெட் வாசல்ல சாவியைத் திருப்பினா 'கடக்'னு ஒத்தைச் சத்தம், அதோட சரி. நாலஞ்சு தடவை திருப்பினா திடீர்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்திடும். சுத்திட்டா எஞ்சின் உடனே பிடிச்சுக்கும், அதுல குறையே இல்ல. பட்டறைக்குக் கொண்டு போனா அங்க பத்துக்குப் பத்து எடுக்குது. பல் டாக்டர் வாசல்ல பல்வலி ஓடிப்போற கதைதான்.

இதுவரைக்கும் பண்ணினது: புது பேட்டரி. டெர்மினல் ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வாசலின் தடவியாச்சு. அப்பவும் கேக்கலைனு பழைய செல்ஃப் மோட்டாரைக் கொடுத்துட்டு ரெடி பண்ணின மோட்டார் ஒண்ணு மாத்திப் போட்டாங்க. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். நோய் அப்படியே இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.


புதுப்பேட்டை பொடிநடை (சென்னை), மார்ச் 3

தலைவா, அந்த 'ரெடி பண்ணின' மோட்டார் மேல பெயின்ட் மட்டும்தான் புதுசு. உள்ள அதே பழைய கார்பன் (மோட்டாருக்குள்ள கரண்டைக் கடத்துற கட்டை), அதே பழைய சாலினாய்டு (சாவி திருப்பினதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்த ஸ்விட்ச்). அடுத்த தடவை 'கடக்'னு நின்னா சின்ன சுத்தியலால மோட்டார் மேல ரெண்டு தட்டு தட்டு. எடுத்துச்சுன்னா கார்பன் போச்சுன்னு அர்த்தம். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட் பக்கம் வந்தா நல்ல மோட்டாரா நானே பாத்துத் தரேன்.


ஓம் விதி (பெங்களூரு), மார்ச் 3

சுத்தியலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும் வகை மோட்டார் என்றால் அடியில் காந்தம் விரிசல் விட்டுவிடும். அப்புறம் சந்தேகமே இல்லாமல் மோட்டார்தான் கோளாறு.

பேட்டரி, மோட்டார் இரண்டையும் மாற்றிய பிறகும் அதே கோளாறு என்றால், மாற்றாத பொருள்தானே மிச்சம்? இரண்டு வயர், ஒரு சாவி, ஒரு எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). இதுவரை யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா?


உப்பளக்காத்து, மார்ச் 4

பேட்டரிக் கடையில பார்த்தாங்க. 12.6 வோல்ட் காட்டிச்சு. வண்டி ஓடும்போது 14.1. ரெண்டும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.


செல்ஃப் கார்பன் (கோவை), மார்ச் 4

வணக்கமுங்க. முப்பது வருசமா ஆட்டோ எலக்ட்ரிக் வேலைதான் பார்க்கறேன். 12.6-ங்கறது பேட்டரி சும்மா நிக்கறப்ப காட்டற கணக்குங்க. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர் சுமாருக்கு இழுக்கற நேரத்துல என்ன காட்டுதுங்கறதுதான் விசயம். அதுவும் கோளாறு நடக்கற அந்த நிமிசத்துல. வண்டி நல்லா இருக்கறப்ப எடுத்த அளவை வெச்சு விட்டுவிட்டு வர்ற கோளாறைப் பிடிக்க முடியாதுங்க.

முதல்ல காதை வெச்சுக் கேளுங்க. சாவி திருப்பினா 'டகடகடக'ன்னு தையல் மெசின் மாதிரி அடிச்சா பேட்டரி டவுன், இல்லாட்டி டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'கடக்'குன்னா சாலினாய்டுக்குச் சொன்ன சேதி போய்ச் சேர்ந்துடுச்சு, ஆனா மோட்டாருக்குப் பெரிய கரண்ட் வரலை, இல்ல மோட்டார் வாங்கிக்கலை. சத்தமே இல்லைன்னா சாலினாய்டுக்குச் சேதியே போகலை. சாவிப் பக்கம் தேடணும். இந்த மூணையும் 'ஸ்டார்ட் ஆகல'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வந்து நின்னா எங்களுக்கும் குருட்டு வைத்தியந்தான்.

ஒரு பாக்கெட் நோட்டு வாங்கி டேஷ்போர்டுல போடுங்க. ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் எஞ்சின் சூடா ஆறியா, என்ன சத்தம், எத்தனாவது திருப்புல எடுத்துச்சுன்னு எழுதுங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சுவரைப் பார்த்து நிறுத்தித் திருப்புங்க. வெளிச்சம் செத்துப் போகுதா, அப்படியே நிக்குதான்னு பாருங்க. பத்து நாள் கழிச்சு வாங்க.

இன்னொண்ணு. டைனமோவை டெஸ்ட் பண்றேன்னு வண்டி ஓடறப்ப யாராச்சும் பேட்டரி வயரைக் கழட்ட வந்தா கையைத் தட்டி விடுங்க. அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. எம்பிஎஃப்ஐ வண்டியில அப்படிக் கழட்டினா வோல்டேஜ் சட்டுன்னு எகிறி கம்ப்யூட்டர் பொட்டி போயிடும்.


உப்பளக்காத்து, மார்ச் 14

நோட்டுல இருக்கிறதை அப்படியே எழுதுறேன்.

5ஆம் தேதி: அஞ்சு தடவை எடுத்தேன், அஞ்சும் ஓகே. 7: பனிமயமாதா கோயில் வாசல், சாயங்காலம், எஞ்சின் சூடு. ஒரு 'கடக்'. ஆறாவது திருப்புல எடுத்துச்சு. 8: காலையில, நல்லா ஆறின வண்டி. ஒரு 'கடக்'. மூணாவதுல எடுத்துச்சு. 11: வாகைக்குளம் டீக்கடை, சூடு. எட்டு தடவை திருப்பியும் எடுக்கல. கடையில இருந்த ரெண்டு பேர் தள்ளிவிட்டு செகண்ட் கியர்ல எடுத்தேன். 12: வீட்டு வாசல், ராத்திரி. ஒரு 'கடக்'. அப்போ ஹெட்லைட் போட்டுத்தான் வச்சிருந்தேன். சுவர்ல வெளிச்சம் லேசா ஒரு சிமிட்டு சிமிட்டிச்சு, மத்தபடி அப்படியே பளிச்சுனு நின்னுச்சு.

சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியல. நடுவுல 9, 10 ரெண்டு நாளும் வண்டி எடுக்கல, க்ளட்ச் மிதிக்க முடியாம இறுகிப் போச்சு, கேபிள் மாத்தினேன். இந்த வருஷத்துல இது ரெண்டாவது க்ளட்ச் கேபிள். அது வேற கதை, விடுங்க.


புதுப்பேட்டை பொடிநடை, மார்ச் 14

லைட்டு டல்லாகல. அப்போ பேட்டரி ஓகே. 'கடக்'குன்னு கேக்குது. அப்போ சாவி ஓகே. மிச்சம் மோட்டார்தான். முதல் நாளே சொன்னேனா இல்லையா? பார்சல் அனுப்பட்டுமா?


செல்ஃப் கார்பன், மார்ச் 14

பொடிநடை சொல்றது பத்துல எட்டு வண்டிக்குச் சரிங்க. நானும் அதையேதான் எழுத உக்காந்தேன். கடைசி வரியைப் படிச்சதும் நிறுத்திட்டேன்.

அது வேற கதை இல்லைங்க. இதே கதைதான். ரெண்டு க்ளட்ச் கேபிள் ஏன் போச்சு?

செல்ஃப் மோட்டாருக்கு பிளஸ் தடி வயர்ல வருது. திரும்பிப் போற வழி எது? மோட்டாரோட பாடி, அது முறுக்கியிருக்கற கியர்பாக்ஸ், அங்கிருந்து எர்த் வயர் வழியா பேட்டரி மைனஸ். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டிங் மேல உக்காந்திருக்குங்க, ரப்பர்ல கரண்ட் போகாது. எர்த் வயர் கெட்டுப் போச்சுன்னா அந்த நூறு ஆம்பியர் வேற பாதை தேடும். கியர்பாக்ஸையும் கார் பாடியையும் இரும்பால தொடற பொருள் வேற என்ன இருக்கு? க்ளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள். ஒவ்வொரு தடவை நீங்க சாவி திருப்பறப்பவும் அந்தக் கேபிள் ஹீட்டர் கம்பி மாதிரி காயும். உள்ள இருக்கற பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கும். அப்புறம் மிதிச்சா இறுகத்தான் செய்யும்.

லைட் ஏன் டல்லாகலைன்னா, லைட்டோட எர்த் பாடியில இருக்கு. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கோளாறும் இல்லை. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுலதான் அறுந்திருக்கு. அதனால இந்தக் கோளாறு அச்சு அசலா மோட்டார் கோளாறு மாதிரியே வேசம் போடும். எத்தனை நல்ல மோட்டாரைக் கழட்டி எறிஞ்சிருக்கோம் தெரியுங்களா, நானும் சேர்த்துத்தான்.

அடுத்த தடவை 'கடக்'குன்னு நின்னா பானெட்டைத் தூக்கி க்ளட்ச் கேபிளைத் தொட்டுப் பாருங்க. பார்த்துங்க, விரல் சுடும்.


ஓம் விதி, மார்ச் 14

அந்த வரியை நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். சபாஷ்.

அளப்பதற்கு ஒரு குறிப்பு. எர்த் வயரில் மீட்டரின் பீப் (வயர் தொடர்கிறதா என்று ஒலியால் சொல்வது) வைத்துப் பார்க்காதீர்கள். நூறு இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், டெஸ்ட் லேம்ப் எரியும். ஓம் வைத்து அளந்தாலும் மீட்டரின் சொந்த வயரே 0.1, 0.2 என்று காட்டும், அதில் இந்தக் கோளாறு மறைந்துவிடும். நூறு ஆம்பியர் ஓடும் இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆகவே மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தலையிலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. சிவப்பு முனையை கியர்பாக்ஸ் உடம்பில், துரு இல்லாத ஒரு போல்ட்டில். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அந்த நேரத்தில் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். பிளஸ் பக்கமும் இதேபோல் பேட்டரித் தலையிலிருந்து மோட்டாரின் தடி போல்ட் வரை அளக்கலாம், 0.5-க்குள் இருக்க வேண்டும்.


உப்பளக்காத்து, மார்ச் 17

மீட்டர் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அக்கா மகனை சாவிகிட்ட உக்கார வச்சேன். முதல் ஏழு தடவை நல்லா எடுத்துச்சு. ஆனா அப்பவே மீட்டர் 1.1 காட்டுது! நல்லா எடுக்கும்போதே.

எட்டாவது தடவை 'கடக்'. மீட்டர்ல 8.7.

நான் வயர் மாத்தி வச்சுட்டேனோன்னு பயந்து திரும்பத் திருப்பச் சொன்னேன். 8.6. பேட்டரி முனை ரெண்டுலயும் அதே நேரம் 11.5. பன்னெண்டுல எட்டரை எர்த்துலயே செத்துப் போச்சு, மோட்டாருக்கு மூணுகூட மிச்சமில்ல. க்ளட்ச் கேபிளைத் தொட்டேன். கையை வெடுக்குனு எடுத்தேன். புது கேபிள், மாத்தி ஏழு நாள்தான் ஆகுது.

உடனே பக்கத்து வீட்டு ஜம்பர் கேபிளை வாங்கி, ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல, மறுமுனையை கியர்பாக்ஸ் போல்ட்டுல கவ்வ விட்டேன். சாவியைத் திருப்பினதும் அப்பா காலத்துல எடுத்த மாதிரி எடுத்துச்சு. அந்த வேகத்துல செல்ஃப் சுத்தி நான் கேட்டு வருஷக் கணக்காச்சு. அம்மா வாசலுக்கு வந்து "என்னலே சத்தம் மாறிட்டு?"ன்னு கேட்டாவ.

அப்புறம் வயரைத் தேடினேன். பேட்டரி மைனஸ்ல இருந்து ஒரு வயர் பாடிக்கு வருது. அது நல்லா இருக்கு. பாடியில இருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு வயர், எந்தக் காலத்துலயோ யாரோ கைவேலையா போட்டது. வெளியில பார்த்தா ஒரு குறையும் இல்ல. கறுப்பு உறை, ரெண்டு பக்கமும் லக் (வயர் முனையில போல்ட் போடுற ஓட்டைத் தகடு), போல்ட் இறுக்கமா இருக்கு. லக்கைப் பிடிச்சு லேசா முறுக்கினேன், 'மொறுக்'னு ஒரு சத்தம். பிளேடால உறையைக் கீறினா உள்ள செம்பே இல்ல. பச்சைப்பொடி கொட்டுது. அந்தப் பொடிக்கு நடுவுல ஏழெட்டு இழை, அதுவும் கறுத்துப் போய். எங்க வீடு முத்தையாபுரம் பக்கம். உப்பளத்துக் காத்து ஜன்னல் கம்பியையே தின்னுடும். இதையும் தின்னுருக்கு.


ஏ40 (சாவகச்சேரி), மார்ச் 17

எங்கட ஒஸ்ரின் ஏ40 இல எர்த் வயர் பின்னின நாடா மாதிரிக் கிடக்கும், அதால துரு பிடிச்சா வெளியில தெரிஞ்சிடும். உறை போட்ட வயரில இதுதான் பிரச்சினை. இன்னொண்டு, எங்கட காரில பொசிட்டிவ்தான் எர்த், அந்தக் காலத்து இங்கிலிஸ் கார் கனக்க அப்பிடித்தான். உங்கட மீட்டர்க் கணக்கு எங்களுக்குத் தலைகீழ். துரு மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.

ஸ்ரார்ட் எண்டு கதைக்கேக்க ஒண்டு ஞாபகம் வருது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில பிடிக்காது. துளிப் பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகு மாத்திறது. பற்றரிக்கும் வழியில்லை, ஹாண்டில் போட்டுச் சுத்தித்தான் எடுக்கிறது. அந்த நேரம் ஸ்ரார்ட்டர் மோட்டர் பழுதோ எண்டு ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை.


செல்ஃப் கார்பன், மார்ச் 18

உப்பளம், புது வயர் போடறப்ப 25 ஸ்கொயர் எம்எம், ஈயம் பூசின செம்பு கிடைச்சா அதையே வாங்குங்க. உங்க ஊருக்கு வெறும் செம்பு தாங்காது. லக்கை சுத்தியலால தட்டி நசுக்காம கிரிம்பிங் டூல் வெச்சு அழுத்தச் சொல்லுங்க, மேல ஹீட் ஸ்லீவ் (சூட்டுல சுருங்கற உறை) போட்டு லக்கோட வாயை மூடிடுங்க. பாடியில லக் உக்கார்ற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியற மாதிரி பண்ணி, முறுக்கினப்புறம் மேல கிரீஸ் தடவுங்க. முடிஞ்சா பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா கியர்பாக்ஸுக்கும் ஒரு வயர் ஓட்டிடுங்க. முந்நூறு, நானூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.


புதுப்பேட்டை பொடிநடை, மார்ச் 18

சரி தலைவா, நான் தோத்தேன். ஆனா புதுப்பேட்டை வந்தா டீ வாங்கித் தரணும்.


உப்பளக்காத்து, ஏப்ரல் 9

என்னைத் திட்டாதீங்க. மூணு வாரம் தங்கமா ஓடிச்சு. நேத்து திருநெல்வேலி போயிட்டு வெயில்ல வந்து, பெட்ரோல் பங்குல நிறுத்திட்டுத் திருப்பினேன். எடுக்கல. ஆனா இந்தத் தடவை 'கடக்'கூட இல்ல. மயான அமைதி. லைட் பளிச்சுனு எரியுது. பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துச்சு. இன்னைக்கு மத்தியானமும் அதே கதை. காலையில ஒரு தடவைகூட இப்படி ஆகல. எர்த்தை அளந்தேன், 0.1-தான்.


செல்ஃப் கார்பன், ஏப்ரல் 9

திட்டறதுக்கு என்னங்க இருக்கு, எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. சத்தம் மாறிடுச்சு, அப்போ இது வேற நோய். இருபது வயசு வண்டியில ஒரே நேரத்துல ரெண்டு கோளாறு இருக்கக் கூடாதுன்னு சட்டமா? பெரிய கோளாறுக்குப் பின்னாடி சின்னது ஒளிஞ்சிருந்திருக்கு. சாலினாய்டுல ஒல்லியா ஒரு வயர் இருக்கு பாருங்க, சாவியில இருந்து வர்றது. அது மேல மீட்டரோட சிவப்பு, கறுப்பு எஞ்சின் பாடியில. எடுக்காத நேரத்துல சாவியைத் திருப்பி எவ்வளவுன்னு சொல்லுங்க.


உப்பளக்காத்து, ஏப்ரல் 11

ஆறி இருக்கும்போது 9.8. மத்தியானம் எடுக்காத நேரத்துல 7.1. அப்பவும் பேட்டரியில 12.3 நிக்குது.


ஓம் விதி, ஏப்ரல் 11

சாவிக்குள் இருக்கும் தொடுமுனை தேய்ந்து கருகியிருக்கிறது. சாலினாய்டு இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் பல ஆம்பியர் கேட்கும், அது முழுக்க அந்தச் சின்னத் தொடுமுனை வழியாகத்தான் போயாக வேண்டும்.

சூட்டில் மட்டும் ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த சாலினாய்டுச் சுருள் ஓடி நிறுத்திய எஞ்சின் பக்கத்தில் 90-க்கு வந்தால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடும். பன்னிரண்டு வோல்ட் முழுதாக வந்தால் அந்தக் கால் பங்கை அது பொருட்படுத்தாது. ஏழு வோல்ட்டை வைத்துக்கொண்டு முடியாது. பத்து நிமிடத்தில் ஆறியதும் எடுத்துவிடுகிறது.

ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) போட்டால் போதும். ரிலேயின் முனை எண்கள்படி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, சாலினாய்டுக்கு 87, சாவி வயர் 86, எர்த் 85. சாவி இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும், கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது.


செல்ஃப் கார்பன், ஏப்ரல் 11

ரிலே போடுங்க, வேணாங்கலை. ஆனா ஸ்விட்சை மாத்தாம ரிலே மட்டும் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். கருகின கட்டை அதே இடத்துலதான் இருக்கும், வெளிய தெரியாது. ஸ்டார்ட் முனை கருகியிருக்கற ஸ்விட்சுல இக்னிஷன் முனை மட்டும் புதுசாவா இருக்கும்? ஓடற வண்டி நாலு வழிச்சாலையில, லாரிக்கு முன்னாடி ஆஃப் ஆகட்டும், அப்போ ரிலே வந்து காப்பாத்தாது. முதல்ல ஸ்விட்ச்.


ஓம் விதி, ஏப்ரல் 11

அது நியாயம். வரிசையைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ரிலேவும் வேண்டும், புது ஸ்விட்சின் ஆயுசுக்காக.


உப்பளக்காத்து, ஜூன் 2

ரெண்டையும் பண்ணிட்டேன். ஸ்விட்சோட பின்பக்கக் கட்டை மட்டும் தனியா கிடைச்சது. பழசைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு பித்தளைப் பொட்டுல மட்டும் நடுவுல குழி விழுந்து, சுத்திலும் பிளாஸ்டிக் காபிக்கொட்டை நிறத்துக்கு வெந்து போயிருக்கு. இப்ப ஒல்லி வயர்ல சூட்டுலயும் 11-க்குக் கீழ இறங்கல. நோட்டுல நாப்பது நாளா எழுத ஒண்ணுமில்ல. க்ளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்குது.

எர்த் வயர் 320 ரூபாய், ஸ்விட்ச் கட்டையும் ரிலேவும் சேர்த்து 640. மீட்டர் 350.


புதுப்பேட்டை பொடிநடை, ஜூன் 2

அது சரி, முதல்ல மாத்தினப்ப பழைய செல்ஃப் மோட்டாரைக் கொடுத்தியே, அது என்னாச்சு?


உப்பளக்காத்து, ஜூன் 2

அதைக் கேக்காதீங்க அண்ணாச்சி. கடைக்குப் போய் கேட்டேன். அன்னைக்கே கழுவி, பெயின்ட் அடிச்சு, யாரோ ஒருத்தருக்குப் போட்டுட்டாங்களாம். "நல்ல மோட்டாருப்பா, உள்ள கையே வைக்கல, அப்படியே சுத்திச்சு"ன்னு சொல்றாரு கடைக்காரர்.